எஞ்சின் மேல் குற்றமில்லை

1991 டொயோட்டா செல்சியோர் ஒன்றின் நோய்க் குறிப்பு

சிக்னலில் நிற்கும்போது, எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் ஆர்பிஎம் முள் 650-லிருந்து 400-க்கு இறங்கும். ஸ்டியரிங் லேசாக நடுங்கும். வண்டி அணைந்துவிடுமோ என்று கால் தானாக ஆக்ஸிலரேட்டருக்குப் போகும் நேரத்தில், எதுவுமே நடக்காத மாதிரி முள் பழைய இடத்துக்கு ஏறிவிடும். அப்புறம் கிளம்பினால், இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாறும் இடத்தில் பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல ஒரு ஜெர்க். கால் மணி நேரம் ஓட்டினால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். சரியாகிவிட்ட பிறகுதான் வண்டி பட்டறைக்குப் போய்ச் சேரும். "நல்லாத்தானே ஓடுது சார்" என்பார்கள்.

இந்த ஒரு புகாரோடு நான் பதினான்கு மாதம் அலைந்தேன். மூன்று பட்டறைகள் பார்த்தேன். தேவையில்லாமல் மாற்றிய பாகங்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். பெட்டி நிறைந்துவிட்டது. எப்படித் தவறினேன், எங்கே திரும்பினேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பழைய ஜப்பானிய சொகுசு செடான் வைத்திருக்கும் வேறு சிலருக்கும் இதே கதை நடந்துகொண்டிருக்கும் என்பது என் ஊகம்.

வண்டியின் பூர்வீகம்

நோயாளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1983-இல் டொயோட்டாவின் தலைவர் எய்ஜி டொயோடா, உலகின் தலைசிறந்த கார்களோடு நேருக்கு நேர் நிற்கும் ஒன்றை நம்மால் செய்ய முடியுமா என்று தன் ஆட்களிடம் கேட்டார். அதிலிருந்து பிறந்த திட்டத்துக்கு எஃப்1 என்று பெயர். கார் பந்தயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'ஃப்ளாக்‌ஷிப்' என்பதன், அதாவது நிறுவனத்தின் முதன்மைக் கார் என்பதன், எஃப் அது. தலைமைப் பொறியாளர் இச்சிரோ சுசுகி. 1989 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில், டொயோட்டாவின் சொகுசுப் பிராண்டான லெக்ஸஸின் எல்எஸ் 400 என்ற பெயரில் கார் மேடையேறியது. அதே கார் 1989 அக்டோபரில் ஜப்பானில் டொயோட்டா செல்சியோர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. லெக்ஸஸ் என்ற பெயர்ப்பலகை ஜப்பானுக்குள் நுழையவே 2005 ஆயிற்று. அதனால் ஜப்பானில் விற்ற பழைய வண்டிகளின் மூக்கில் லெக்ஸஸின் 'எல்' இருக்காது.

உள்ளே இருப்பது 3,969 சிசி கொள்ளளவுள்ள அலுமினிய வி8 எஞ்சின். 1யூஇசட்-எஃப்இ என்பது அதன் பெயர். நான்கு கேம் ஷாஃப்ட், 32 வால்வு, ஜப்பானியக் கணக்கில் 260 குதிரைத்திறன். பானெட் மேல் ஷாம்பெயின் கோப்பைகளைக் கோபுரமாக அடுக்கிவைத்து, உருளைகள் மேல் மணிக்கு 145 மைல் வேகத்துக்குச் சக்கரங்களைச் சுழற்றிய அந்த அமெரிக்க விளம்பரத்தைப் பலரும் பார்த்திருப்பார்கள். ஒரு சொட்டு சிந்தாது.

என் கதைக்கு வேண்டியது அந்தக் கோப்பைகளுக்குப் பின்னால் இருக்கும் பிடிவாதம். சத்தத்தையும் அதிர்வையும் பஞ்சு வைத்து மூடாதே, பிறக்கிற இடத்திலேயே நிறுத்து என்பதுதான் சுசுகி குழுவின் கொள்கை. எஞ்சின், கியர்பாக்ஸ், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் எல்லாவற்றையும் முடிந்தவரை ஒரே நேர்கோட்டில் வைத்தார்கள். ஷாஃப்ட் கோணலாகச் சுழன்றால்தானே அதிர்வு வரும்? பஞ்சும் போட்டார்கள்தான், இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவே அதிர்வை விழுங்கும் பொருளை வைத்த தகடுகளும் உண்டு. ஆனால் அது இரண்டாவது வரிசைக் காவல்.

இதில் உரிமையாளருக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. ஊமையாக இருக்கும் வீட்டில் கொசு பறந்தாலும் கேட்கும் அல்லவா? வேறொரு முப்பது வயது வண்டியில் யாருமே கவனிக்காத ஒரு சின்ன மிஸ்ஸிங், அதாவது எஞ்சினின் ஒரு நொடித் தடுமாற்றம், இதில் பூகம்பம் மாதிரி தெரியும். அதனால் பெரிய கோளாறு என்று நினைத்துப் பெரிய பாகத்தை மாற்றுவோம். நான் அதைத்தான் செய்தேன்.

வாங்கியபோது

1,83,000 கி.மீ. ஓடிய வண்டி. முதல் இரண்டு உரிமையாளர்களின் சர்வீஸ் பதிவுகள் முழுதாக இருந்தன. மூன்றாமவர் ஐந்து வருடம் ஷெட்டில் மூடி வைத்திருந்தார். அந்த ஐந்து வருடத்தை நான் அன்றைக்கு நல்ல விஷயமாகவே எடுத்துக்கொண்டேன். "ஓடாத வண்டி, தேயாத வண்டி." எவ்வளவு முட்டாள்தனம் என்று இப்போது தெரிகிறது. இரும்பு ஓடினால் தேயும். ரப்பரும் மின்சாரப் பலகைகளும் சும்மா இருந்தாலே கெடும்.

ஒரு முடிவை மட்டும் சரியாக எடுத்தேன். செல்சியோர் ஏ, பி, சி என்று மூன்று வகையாக வந்தது. காற்றுப்பை சஸ்பென்ஷன் உள்ள சி வகையைத் தவிர்த்து, சாதாரணச் சுருள் ஸ்பிரிங் உள்ள ஏ வகையை வாங்கினேன். சி வகையில் பயணம் சுகம் என்பார்கள். அந்தக் காற்றுப்பையும் ரப்பர்தான்.

வாங்கியவுடன், எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்களைச் சுழற்றும் டைமிங் பெல்ட்டை மாற்றினேன். ஒரு லட்சம் கி.மீ.க்கு ஒரு முறை மாற்ற வேண்டியது, கடைசியாக மாற்றிய தேதி பதிவில் இல்லை. இந்த முதல் தலைமுறை எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளாது, பின்னால் வந்த, வால்வு திறக்கும் நேரத்தை மாற்றிக்கொள்ளும் விவிடி-ஐ எஞ்சினில்தான் அந்த ஆபத்து என்று சொல்லி ஒருவர் தள்ளிப்போடச் சொன்னார். எஞ்சின் பிழைக்கும், சரி. நடு நெடுஞ்சாலையில் நின்றுபோகும் நான்? வாட்டர் பம்ப்பையும் அதே பெல்ட்தான் சுழற்றுகிறது, அதனால் பம்ப், டென்ஷனர், உருளைகள் எல்லாம் ஒரே கையில் முடிந்தன. பெல்ட் இரண்டு இன்டேக் கேம்களை மட்டும்தான் சுழற்றும், எக்ஸாஸ்ட் கேம்கள் பல்சக்கரத்தால் அவற்றோடு கோத்திருக்கும். திறந்து பார்த்தபோது அந்தப் பற்கள் புதிதுபோல இருந்தன. எஞ்சினின் உள்ளுறுப்புகள் பற்றி எனக்கு அன்றோடு கவலை போயிற்று. இந்தக் கதை முடியும்வரை அது திரும்பி வரவுமில்லை.

முதல் கோளாறு: இரண்டு முறை செத்த ஆல்டர்னேட்டர்

மூன்றாவது மாதம் பேட்டரி விளக்கு எரிந்தது. ஓடும் எஞ்சினில் பேட்டரி முனையில் 13.5-க்கு மேல் வோல்ட் இருக்க வேண்டும். 11.9 இருந்தது. ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது. ரீகண்டிஷன் செய்த ஒன்றைப் போட்டோம். சரியாக ஐந்து மாதத்தில் அதுவும் போயிற்று.

"டூப்ளிகேட் பார்ட் சார், ஒரிஜினல் போட்டிருந்தா இப்படி ஆகாது" என்றார் மெக்கானிக். நம்பினேன். இதற்கிடையில் இன்னொரு தனிப்புகாரும் இருந்தது. சில நாள் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை. தண்ணீர் குறையவில்லை, எஞ்சின் ஆயிலும் குறையவில்லை. இரண்டாவது பட்டறையில் வால்வு சீல் என்றார்கள். எஞ்சினின் தலையைக் கழற்ற வேண்டும் என்று தேதியும் குறித்துவிட்டார்கள்.

தேதிக்கு முந்தின வாரம், பழைய ஆல்டர்னேட்டரைக் குப்பையில் போடுமுன் கையில் எடுத்துப் பார்த்தேன். மேல்பக்கம் முழுவதும் எண்ணெய்ப் பிசுக்கு. பழுப்பு நிறம். எஞ்சின் ஆயிலின் வாசனை அதில் இல்லை. இந்த வண்டியில் ஆல்டர்னேட்டருக்கு நேர் மேலே இருப்பது பவர் ஸ்டியரிங் பம்ப்.

பம்பின் மேல் ஒரு சின்ன வால்வு இருக்கிறது. நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் பம்ப் எஞ்சினுக்குச் சுமையாகும். அந்த நேரத்தில் ஐட்லிங், அதாவது நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம், இறங்காமலிருக்க, கொஞ்சம் கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் விடுவதற்காக வைத்த வால்வு. அதிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய்கள் எஞ்சினின் காற்றுப் பாதைக்குப் போகும். வால்வின் உள்சீல் செத்தால் என்ன ஆகும்? பம்பிலிருக்கும் எண்ணெயை எஞ்சின் அந்தக் குழாய் வழியே உறிஞ்சும். எரிந்தால் வெள்ளைப் புகை. மிச்சம் வெளியே கசிந்து கீழே சொட்டும். கீழே ஆல்டர்னேட்டர்.

சோதித்துப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. குழாய்களைக் கழற்றி, இரண்டு முனைகளையும் பொருத்தமான போல்ட்டால் அடைத்தேன். மறுநாள் காலை புகை இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. பத்து நாள் பார்த்துவிட்டு வால்வையும் பம்பின் சீல்களையும் மாற்றினேன். புது ஆல்டர்னேட்டர் இன்றுவரை 14.1 வோல்ட் தருகிறது. எஞ்சின் தலையைக் கழற்றும் தேதியை ரத்து செய்ய ஃபோன் பண்ணினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மௌனம்.

டூப்ளிகேட் என்று திட்டு வாங்கிய ஆல்டர்னேட்டரிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இரண்டாவது கோளாறு: நடுக்கம்

ஆல்டர்னேட்டர் சரியானதும் சிக்னல் நடுக்கமும் போய்விடும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. முதல் பத்தியில் சொன்ன நோய் அப்படியே இருந்தது. இன்னும் சொல்லப்போனால் கியர் ஜெர்க் கூடியிருந்தது.

நான் செய்த தவறுகளை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். முதலில் ஸ்பார்க் பிளக், வயர்கள். இந்த எஞ்சினில் ஸ்பார்க்குக்கான மின்சாரத்தை உண்டாக்கும் காயில் இரண்டு, அதைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிப்யூட்டர் இரண்டு, ஆளுக்கு நான்கு சிலிண்டர். ஒரு பக்கம் தகராறு செய்தால் பாதி எஞ்சின் தடுமாறும் என்று சொல்லி, கேப், ரோட்டார் எல்லாம் மாற்றினோம். வித்தியாசமில்லை. அப்புறம் எஞ்சினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியைக் கழற்றி, ஐட்லிங் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வைக் கரி போகக் கழுவினோம். உண்மையிலேயே அழுக்காகத்தான் இருந்தது. இரண்டு நாள் நன்றாக இருந்த மாதிரி தோன்றியது. தோற்றம்தான்.

அடுத்துக் காற்றளவைக் கருவி. இது எனக்குப் பிடித்த பாகம் என்பதால் கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகிறேன். அந்தக் காலத்துப் பல கார்களில் ஒரு மடிப்புக் கதவைக் காற்று தள்ளும், அல்லது சூடான கம்பியைக் காற்று குளிர வைக்கும். இதில் கார்மன் சுழல். ஓடும் ஆற்றில் ஒரு கழியை நட்டால் அதன் பின்னால் இடமும் வலமும் மாறி மாறிச் சுழிகள் பிறக்குமே, அதேபோலக் காற்றுப் பாதையில் ஒரு தூண். சுழிகள், முகம் பார்க்கும் கண்ணாடி போல ஒளியைத் திருப்பும் ஒரு மெல்லிய உலோகத் தகட்டை நடுங்க வைக்கும். எல்இடி ஒளி அதில் பட்டுத் திரும்பி ஒளியுணரியில் விழும். ஒரு நொடிக்கு எத்தனை நடுக்கம் என்று எண்ணினால் எவ்வளவு காற்று என்று தெரிந்துவிடும். எவ்வளவு அழகான யோசனை! அதையும் சந்தேகப்பட்டு, வேறொரு வண்டியிலிருந்து கடன் வாங்கிப் போட்டுப் பார்த்தோம். குற்றமற்றது.

மூன்றாவது பட்டறைக்காரர் கியர்பாக்ஸைக் கைகாட்டினார். நான்கு வேக ஆட்டோமேட்டிக், ஏ341இ. ஆயில் மாற்றியும் ஜெர்க் போகாததால் ஓவர்ஹால் என்றார். ஆயில் சிவப்பாக இருந்தது, கருகல் வாசனை இல்லை, சம்ப்பில் இரும்புத் தூள் இல்லை. கியர்பாக்ஸ் உள்ளே தேய்ந்திருந்தால் குளிரில் மட்டும் உதைத்துவிட்டுச் சூடானதும் சாதுவாகிவிடுமா? சில கியர்பாக்ஸ்கள் அப்படிச் செய்யும் என்றார் அவர். இருக்கலாம். ஆனால் ஐட்லிங் நடுக்கமும் கியர் உதையும் ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் போவது ஏன்? இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. பதில் இல்லாதவரிடம் கியர்பாக்ஸைத் திறக்கக் கொடுக்க எனக்கு மனமில்லை.

இந்த வண்டியில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் ஈசியு என்ற ஒரே கணினிப் பெட்டி ஆள்கிறது. கியர் மாறும் கணத்தில் அது ஸ்பார்க்கைச் சற்றே பின்தள்ளி, எஞ்சினின் முறுக்குவிசையைக் குறைத்து, மாறுவது தெரியாமல் பார்த்துக்கொள்ளும். இரண்டு நோய்க்கும் பொதுவான இடம் அந்தப் பெட்டிதான். இவ்வளவு நேரடியான தர்க்கம் எனக்கு எட்டப் பதினொரு மாதம் ஆயிற்று. ஏன் தாமதம்? செக் எஞ்சின் விளக்கு எரியவே இல்லை. பானெட்டுக்கு அடியில் இருக்கும் சோதனைப் பெட்டியில் டிஇ1, இ1 என்ற இரண்டு முனைகளை ஒரு கம்பியால் இணைத்தால், அந்த விளக்கு கண்சிமிட்டிக் கோளாறு எண்ணைச் சொல்லும். எத்தனை முறை செய்தாலும் ஒரே சீரான சிமிட்டல்தான், அதாவது எல்லாம் நலம். கோளாறைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியவனே நோயில் கிடக்கிறான், யார் சொல்வது?

ஹேர் டிரையர் சோதனை

துப்பு ஏசியிலிருந்து கிடைத்தது. ஏசியை முழு வேகத்தில் வைத்தால் நடுக்கம் நீடிக்கும், வண்டி சூடான பிறகும்கூட. எல்லோரும் "கம்ப்ரசர் லோடு" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு நாள் ஏசி ஓடிக்கொண்டிருந்து நடுக்கம் இருக்கும்போதே கம்ப்ரசரை அணைத்தேன். நடுக்கம் நிற்கவில்லை! லோடு போன உடனே போக வேண்டியது, இருபது நிமிடம் கழித்து, உள்ளே வெக்கை ஏறிய பிறகுதான் போயிற்று. அப்படியென்றால் இது சுமையைப் பற்றியதே இல்லை. எஞ்சினின் வெப்பத்தையும் பற்றியதில்லை. காரின் உள்ளறை குளிர்ந்திருந்தால் நோய், வெதுவெதுப்பானால் குணம். உள்ளறையில், டேஷ்போர்டில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருப்பது ஈசியு.

அடுத்த ஆறு காலைகளை இதற்காக ஒதுக்கினேன். கிளவ் பாக்ஸைக் கழற்றிப் பெட்டி தெரியும்படி வைத்தேன். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஸ்டார்ட் செய்வதற்கு முன் பத்து நிமிடம் ஹேர் டிரையரை மிதமான சூட்டில் அதன் மேல் பிடித்தேன். எஞ்சின் இரவெல்லாம் நின்று ஜில்லென்றுதான் இருக்கிறது, பெட்டி மட்டும் வெதுவெதுப்பு. டிரையர் பிடித்த மூன்று நாளும் முள் 650-இல் ஆணி அடித்த மாதிரி நின்றது. பிடிக்காத மூன்று நாளும் தடுமாறியது. பக்கத்து வீட்டுக்காரர் தினமும் இதைப் பார்த்துவிட்டு ஆறாம் நாள், "காருக்குத் தலை காய வைக்கிறீர்களா?" என்று கேட்டார்.

காரணம் இதுதான். ஈசியு பலகையில் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். அலுமினியத் தாள்களுக்கு இடையே திரவத்தில் ஊறிய காகிதத்தைச் சுருட்டி, சின்ன அலுமினியக் குப்பியில் போட்டு, அடியில் ரப்பர் மூடியால் அடைத்திருப்பார்கள். மின்னழுத்தத்தில் வரும் ஏற்ற இறக்கங்களை விழுங்கிச் சமன் செய்வது இவற்றின் வேலை. வருடங்கள் போகப் போக அந்தத் திரவம் ஆவியாகும், அல்லது ரப்பர் மூடியைத் தாண்டிக் கசியும். திரவம் குறைந்தால் உள்தடை கூடும். குளிரில் இன்னும் கூடும், சூடானால் கொஞ்சம் இறங்கும். என் வண்டி காலையில் சண்டித்தனம் செய்து கால் மணி நேரத்தில் நல்லவனாவதன் ரகசியம் இதுதான். 1980-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் செய்யப்பட்ட பல மின்னணுச் சாதனங்களுக்கு இதே வியாதி உண்டு, அப்போது புழங்கிய சில வகைத் திரவங்கள் மூடியையே அரித்துவிடும். வீடியோ கேமரா, ஆம்பிளிஃபயர், கார் எதுவும் விலக்கில்லை. முதல் தலைமுறை எல்எஸ் 400, செல்சியோர் வைத்திருப்பவர்களிடையே ஈசியு கெப்பாசிட்டர் என்பது ஊரறிந்த விஷயம் என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. என்னைத் தவிர ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது.

பெட்டியைத் திறந்தது

கார் எலக்ட்ரீஷியன்கள் யாரும் அந்தப் பெட்டியைத் திறக்க முன்வரவில்லை. "வேற ஈசியு மாத்திடலாம் சார்" என்றார்கள். வேறு ஈசியு என்றால் அதே வயதுள்ள இன்னொரு வண்டியிலிருந்து எடுத்தது, அதே வயதுள்ள கெப்பாசிட்டர்களோடு. கடைசியில் பழைய ஆம்பிளிஃபயர், டேப் ரெக்கார்டர் பழுது பார்க்கும் ஒருவரிடம் போனேன். அறுபதைத் தாண்டியவர்.

"அண்ணே, இது கார் பெட்டி. பார்ப்பீங்களா?"

"கார் எனக்கு ஓட்டக்கூடத் தெரியாது தம்பி. கெப்பாசிட்டர் தெரியும்."

மூடியைத் திறந்தவுடன் முகர்ந்து பார்த்தார். "மீன் நாத்தம் வருதா பாருங்க." வந்தது. கசிந்த திரவத்தின் வாசனை அது. மூன்று கெப்பாசிட்டர்களின் அடியில் பழுப்புக் கறை. ஒன்றின் பக்கத்தில் செம்புத் தடம் பச்சை பிடித்து, ஓரிடத்தில் ஏறக்குறைய அறுந்திருந்தது. கழற்றி மீட்டரில் வைத்தபோது ஒன்று தன் கொள்ளளவில் பாதியைக்கூடக் காட்டவில்லை.

கறை தெரிந்த மூன்றை மட்டுமில்லாமல் பலகையில் இருந்த எலக்ட்ரோலிட்டிக் எல்லாவற்றையும் மாற்றினார். மைக்ரோஃபாரட் அளவு அதே, வோல்ட் அளவு அதே அல்லது கூடுதல், வெப்பத் தாங்குதிறன் 105 டிகிரி வகை. ப்ளஸ் மைனஸ் மாறிவிடாமல் ஒவ்வொன்றுக்கும் பழைய இடத்தைப் படம் எடுத்துவைத்துக்கொண்டார். கறையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் விட்டுப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார், இல்லையென்றால் மிச்சம் இருக்கும் திரவம் அரித்துக்கொண்டே இருக்கும். அறுந்த தடத்துக்கு முடி போன்ற கம்பி ஒன்றை ஈயம் வைத்து ஒட்டினார். இரண்டு மணி நேர வேலை.

பெட்டியை மாட்டி, மறுநாள் காலை ஸ்டார்ட் செய்தேன். 650. ஏசியைப் போட்டேன், கொஞ்சம் இறங்கி ஏறி நின்றது, அது நியாயமான இறக்கம். ரோட்டுக்கு எடுத்து இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் இடத்தைக் காத்திருந்தேன். மாறியதே தெரியவில்லை. ஆர்பிஎம் முள்ளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒன்பது மாதம் ஆகிறது, திரும்ப வரவில்லை.

மிச்சம் மீதி

பெரிய நடுக்கம் போனதும் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த சின்னவை தலைகாட்டின. மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஆடியது. டிஸ்க் வளைந்திருக்கும் என்று கடையப் போனவனை நானே தடுத்து, முன்சக்கரத்தை முன்னும் பின்னும் இழுத்துப் பிடிக்கும் ஸ்ட்ரட் ராடின் ரப்பர் புஷ்ஷைப் பார்த்தேன். விரலை விடலாம் போல வெடித்திருந்தது. மாற்றியதும் ஆட்டம் போயிற்று. டிஸ்க்கைத் தொடவில்லை. எஞ்சின் மவுண்ட்டும் அதே சமயம் மாறியது. திரவம் நிரப்பிய வகை, ஒன்றிலிருந்து திரவம் ஒழுகிக் காய்ந்திருந்தது.

மீட்டர் பலகையில் ஸ்பீடோமீட்டர் முள் பாதி இருட்டு. இந்த வண்டியில் முட்களே ஒளிரும், கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருட்டில் மிதப்பது போல. அதற்கான மின்பலகையிலும் அதே கெப்பாசிட்டர் நோய். அதே அண்ணனிடம் அதே வைத்தியம். ஏசியின் எல்சிடி திரையில் ஒரு மூலையில் மை கொட்டியது போலக் கறுப்பு பரவியிருக்கிறது. அதற்கு உதிரித் திரை கிடைக்கவில்லை, விட்டுவிட்டேன். வெப்பநிலையின் இரண்டாவது இலக்கம் தெரியாது. இருபதுக்கு மேல் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்கிறேன்.

உதிரிப்பாகம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எஞ்சின் சாமான்கள் கிடைப்பது அவ்வளவு கடினமில்லை. இதே வி8 எஞ்சின் சோரர், கிரவுன் மெஜஸ்டா, அரிஸ்டோ வண்டிகளிலும் போனது. இந்த வண்டிக்கென்றே செய்த மீட்டர் பலகை, கதவு ரப்பர், மரப் பட்டை, ஸ்விட்ச்சுகள் ஆகியவைதான் கண்ணில் படுவதில்லை. வாங்கும்போது எல்லோரும் பானெட்டைத் திறந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார்கள், நானும் கேட்டேன். இன்னொன்று வாங்கினால் எஞ்சினுக்கு ஐந்து நிமிடம் போதும். மிச்ச நேரமெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்விட்ச்சையும் அழுத்திப் பார்ப்பேன், கண்ணாடி இறங்குகிறதா, சீட் நகர்கிறதா, சாவியை எடுத்ததும் ஸ்டியரிங் தானாக மேலே விலகுகிறதா என்று. மாலையில் ஒரு முறையும் விடிகாலையில் ஒரு முறையும் போய் ஸ்டார்ட் செய்து பார்ப்பேன். ஷெட்டில் தூங்கிய வண்டியைவிட, தினமும் ஓடி 2,50,000 கி.மீ. கண்ட வண்டி எனக்கு இப்போது மேல்.

அட்டைப்பெட்டியில் இருக்கும் பாகங்களில் டிஸ்ட்ரிப்யூட்டர் கேப் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. என்றைக்காவது தேவைப்படும்.

இந்த வாரம் இரண்டு முறை சாவியைத் திருப்பியபோது 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது, மூன்றாவது திருப்பலில் செல்ஃப் எடுத்தது. பேட்டரி 12.6 வோல்ட், எர்த் வயர் இறுக்கம். அப்படியென்றால் செல்ஃப் மோட்டாரின் உள்ளே இருக்கும் செம்புத் தொடுமுனைகள் தேய்ந்திருக்கின்றன. முனைகள் சின்னச் சாமான், வாங்கி வைத்துவிட்டேன். ஆனால் இந்த எஞ்சினில் செல்ஃப் மோட்டார் இருப்பது வி-யின் இரண்டு கரைகளுக்கும் நடுவில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பங்கிடும் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில். அதை எட்ட மேலே இருப்பதையெல்லாம் கழற்ற வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை ஆரம்பிக்கிறேன்.